தம்பி மறந்துவிட்டான் என்றார்கள்

போன மாதம் கல்யாண வீட்டில் நாமெல்லாம் ஒன்றாக உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது உங்களில் ஒருத்தி தன் பேரனைப் பற்றிச் சொன்னாள். மருமகள் வெளிநாட்டு வேலைக்குப் போகிறாளாம். குழந்தைக்கு ஒன்றரை வயது. "அந்த வயசுல அதுக்கு இன்னா தெரியும்? ரெண்டு நாளு அழுவும், அப்புறம் மறந்துடும்" என்றாள். எல்லோரும் தலையாட்டினோம். நானும்தான் ஆட்டினேன். பிறகு கை கழுவப் போகிறவள் மாதிரி எழுந்து, கிணற்றடியில் போய் வெகுநேரம் நின்றேன். என்னடி ஆச்சு என்று கேட்டீர்கள். ஒன்றுமில்லை என்றேன். அன்றைக்குச் சொல்லாததை இப்போது சொல்கிறேன். அந்த மருமகளைக் குறை சொல்வதற்காக இல்லை. அவளவளுக்கு என்ன கஷ்டமோ. எனக்குத் தெரிந்த ஒன்றை நான் மட்டும் வைத்துக்கொண்டு போய்ச் சேர வேண்டாம் என்றுதான்.

கள்ளக்குறிச்சியில் எங்களுக்கு மலைச்சரக்கு மண்டி இருந்தது உங்களுக்குத் தெரியும். முன்பக்கம் மண்டி, பின்பக்கம் வீடு. கல்வராயன் மலையிலிருந்து கடுக்காயும் புளியும் தேனும் வரும். வீட்டில் எந்த மூலைக்குப் போனாலும் கடுக்காயின் துவர்ப்பு வாடை மூக்கில் ஏறும். கோமுகி அணை கட்டிக்கொண்டிருந்த சமயம் அது. மலைக்கு பஸ் கிடையாது. கச்சிராயபாளையம் வரைக்கும் பஸ், அதற்கு மேல் நடைதான். வீட்டில் அத்தா என்று நாங்கள் கூப்பிடுகிற அப்பா, அம்மா, நான். அத்தாவின் அக்காவும் எங்களோடுதான் இருந்தார். கணவரை இழந்தவர். நாங்கள் மாமி என்று கூப்பிடுவோம். எனக்கு ஆறரை வயது இருக்கும்போது தம்பி பிறந்தான்.

தம்பிக்கு நான்கு மாதம் ஆனபோது அம்மா இருமினாள். முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒருநாள் மத்தியானம் துணி துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்து இருமிவிட்டு, முக்காட்டு நுனியை விரித்துப் பார்த்தாள். நானும் பார்த்தேன். சட்டென்று மடித்துவிட்டாள். "பாக்கு எச்சில்" என்றாள். அம்மா பாக்கு போடுவதில்லை.

டாக்டர் காசநோய் என்றார். பச்சைக்குழந்தையைக் கிட்டேயே கொண்டுபோகக் கூடாது, பாலை உடனே நிறுத்த வேண்டும் என்றார். மூன்றாம் நாள் அம்மாவை வெளியூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். புறப்படும்போது அவள் வாசலில் நின்றாள், தம்பி உள்ளே மாமி மடியில் அலறிக்கொண்டிருந்தான். அம்மாவின் ரவிக்கை முன்பக்கம் பாலால் நனைந்திருந்தது. அத்தா ஒரு துண்டை எடுத்து அவள் தோளில் போட்டார்.

தம்பி மாட்டுப்பால் குடிக்கவில்லை. ஆட்டுப்பாலும் குடிக்கவில்லை. குடித்ததெல்லாம் வெளியே வந்தது. ஒரு வாரத்தில் அவன் முகம் கிழவன் முகம் போல ஆகிவிட்டது. அழுகைச் சத்தமும் நின்றுபோய், வாயை மட்டும் திறந்து திறந்து மூடினான்.

அந்தச் சமயத்தில்தான் மலையிலிருந்து ஒருவர் கடுக்காய் மூட்டையோடு மண்டிக்கு வந்தார். கூட அவர் பெண்டாட்டி. இருபது இருபத்திரண்டு வயது இருக்கும். மூட்டையை இறக்கிவிட்டு அவள் ஓரமாக உட்கார்ந்திருந்தபோது உள்ளே தம்பி லேசாக முனகினான். அவள் விருட்டென்று மார்பை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டாள். மாமி அதைக் கவனித்துவிட்டார்.

"உனக்குக் கொழந்த இருக்குதா?" என்று கேட்டார்.

"இருந்துச்சிங்க. காய்ச்ச வந்து போயிடுச்சி. இன்னியோட பத்து நாளு" என்றாள்.

மாமி உள்ளே போய்த் தம்பியைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தார். அவள் முதலில் புருஷன் முகத்தைப் பார்த்தாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். தம்பி குடித்த சத்தம் மண்டி முழுவதும் கேட்டது. அத்தா தராசுப் பக்கம் போய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். புருஷன்காரர் அவரிடம் சொன்னார்: "இவ இங்கயே இருக்கட்டுங்க. வூட்ல இருந்தா அழுதுக்கினே இருக்கறா."

பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் அத்தா கேட்டுவிட்டு வந்தார். பால் கொடுத்தவளும் தாய்தான், அந்த மரியாதை அவளுக்கு உண்டு என்று அவர் சொன்னாராம். மாமி மட்டும் கடைசிவரைக்கும் 'மலைக்காரி' என்றுதான் சொன்னார். நான் மலைக்காரம்மா என்று கூப்பிட்டேன்.

அவள் மேல் எப்போதும் விறகுப்புகை வாடை அடிக்கும். எத்தனை சோப்பு போட்டுக் குளித்தாலும் அது போகாது. கழுத்தில் நாலைந்து சரம் நீலப் பாசிமணி. தம்பி பால் குடிக்கும்போது ஒரு கையால் அந்த மணிகளை நெருடிக்கொண்டே இருப்பான். தூக்கம் வரவர விரல் மெதுவாகும். விரல் நின்றுவிட்டால் தூங்கிவிட்டான் என்று அர்த்தம். அவன் சதைபோட்டான், தவழ்ந்தான், அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நடந்தான். முதன்முதலாக "ம்மா" என்றான். அவளைப் பார்த்துத்தான் சொன்னான்.

மாமிக்கு அது பிடிக்கவில்லை. "அப்பிடிக் கூப்புட வுடாத. அக்கான்னு சொல்லிக் குடு" என்றார். அவளும் பாவம், "அக்கா சொல்லு சாமி, அக்கா" என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொடுத்தாள். அவன் அவள் வாயையே பார்த்துவிட்டு "ம்மா" என்பான். அவள் பயந்துபோய் மாமி இருக்கிற பக்கம் பார்ப்பாள்.

பதினைந்து மாதம் கழித்து, ஒரு பங்குனி வெயிலில் அம்மா திரும்பி வந்தாள். நோய் போய்விட்டது என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். குதிரை வண்டியிலிருந்து இறங்கியபோது எனக்கே அடையாளம் தெரியவில்லை. கழுத்து எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. மருந்து வாடை வீசியது. என் தலையில் கை வைத்துவிட்டு, கண்ணால் அவனைத்தான் தேடினாள்.

அவன் மலைக்காரம்மாவின் முழங்காலைக் கட்டிக்கொண்டு நின்றான். அம்மா குனிந்து கையை நீட்டினாள். அவன் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு வீறிட்டான்.

"அம்மா சாமி, உங்கம்மா. போ சாமி" என்று மலைக்காரம்மா அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பிரிக்கப் பிரிக்க அவன் இன்னும் இறுக்கினான்.

"வுடு, அவனா வரட்டும்" என்றாள் அம்மா. சிரிக்கப் பார்த்தாள். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு ஒரு பத்து நாள் நடந்ததை இப்போது நினைத்தாலும் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. மலைக்காரம்மா தம்பியை மடியில் வைத்துக்கொண்டு அம்மா பக்கத்தில் போய் உட்காருவாள். சோற்றைப் பிசைந்து அம்மா கையில் கொடுத்து ஊட்டச் சொல்வாள். அம்மா ஊட்டினால் அவன் மூடிக்கொள்வான். நாலாம் நாள் ஒரு வாய் வாங்கினான். ஏழாம் நாள் அம்மாவின் வளையலைத் தொட்டான். பத்தாம் நாள் அம்மா முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா மூச்சுவிடாமல் அசையாமல் இருந்தாள்.

"இன்னும் கொஞ்ச நாளு நானும் கூட இருக்கறம்மா. மெள்ளப் பழகிக்குவான்" என்று மலைக்காரம்மா சொன்னாள். எழுதப் படிக்கத் தெரியாதவள். அந்த வீட்டிலிருந்த பெரியவர்களில் அவள் ஒருத்திதான் சரியாகச் சொன்னாள்.

மாமி வேறு மாதிரி சொன்னார். சமையற்கட்டில் அம்மாவிடம் சொன்னதை நான் கேட்டேன். "அவ இங்க இருக்கிற வரைக்கும் அவன் உங்கிட்ட வரமாட்டான். அவ மொகத்தப் பாத்துக்கினேதான் இருப்பான். ஒரேயடியா அனுப்பிட்டா நாலு நாளு அழுவான், அஞ்சாம் நாளு உம் மடிதான்." அம்மா அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பிள்ளை தன் மடியில் வர வேண்டும் என்று பதினைந்து மாதம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்து ஏங்கினவள். அவளால் என்ன சொல்ல முடியும்?

மறுநாள் காலையில் அத்தா என்னைக் கூப்பிட்டார். "தம்பியத் தூக்கிக்கினு போயி தராசுத் தட்டுல வெச்சி ஆட்டு" என்றார். மண்டியில் மூட்டை நிறுக்கிற பெரிய தராசு உத்தரத்தில் தொங்கும். அதன் தட்டில் உட்கார்ந்து ஆடுவது என்றால் தம்பிக்கு உயிர். நான் ஆட்டினேன். அவன் கெக்கெக்கே என்று சிரித்தான். இன்னும், இன்னும் என்பது போலக் கையைத் தட்டினான். எவ்வளவு நேரம் ஆட்டினேன் என்று தெரியாது. கை வலித்தது. பின்கட்டுக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. கச்சிராயபாளையம் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனதும் கேட்டது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. புரிந்த பிறகும் ஆட்டிக்கொண்டுதான் இருந்தேன். நிறுத்தினால் இறங்கி உள்ளே ஓடுவானே.

இறங்கி ஓடத்தான் செய்தான். ஒவ்வோர் அறையாகப் போனான். கிணற்றடிக்குப் போனான். திரும்ப முதல் அறைக்கு வந்தான். "ம்மா, ம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே போனான். அம்மா ஒவ்வொரு தடவையும் "இன்னாடா கண்ணு" என்று கையை நீட்டினாள். அவளைச் சுற்றிக்கொண்டு போய்த் தேடினான்.

நாலு நாள் இல்லை, பதினெட்டு நாள் அழுதான். தொண்டை கட்டி, சத்தம் வராமல் அழுதான். அப்புறம் நிறுத்திவிட்டான். பின்கட்டுக் கதவுக்குப் பக்கத்தில் சுவரோரமாக உட்கார்ந்திருப்பான். ஊட்டினால் சாப்பிட்டான். தூக்கினால் வந்தான், ஆனால் தூக்குகிறவர்களின் கழுத்தைக் கட்டிக்கொள்ள மாட்டான். கை இரண்டும் தொங்கும். தூங்கும்போது மட்டும் ஒரு கை தன் கழுத்தருகே போய் விரல்கள் வெறுமனே நெருடிக்கொண்டிருக்கும். "பாத்தியா, அடங்கிட்டான். இப்ப எவ்ளோ சமத்தா இருக்கான்" என்று மாமி சொன்னார். மாமி கெட்டவர் இல்லை. தம்பி உயிர் பிழைத்ததே அவர் கண் பார்த்ததால்தான்.

அம்மாவுக்கு மட்டும் அந்தச் சமத்து பிடிக்கவில்லை. நாலு மாதம் பார்த்தாள். ஆடி மாதம் ஒருநாள் அத்தாவிடம் சொன்னாள்: "அவளக் கூட்டிக்கினு வந்துடுங்க. எப்பவும் இங்கயே இருக்கட்டும். அவன் என்ன அம்மான்னு கூப்புடலன்னாலும் பரவால்ல. அவன இப்பிடிப் பாக்க முடியல."

அத்தா சம்மதித்தார். அம்மாவால் மலை ஏற முடியாது. கச்சிராயபாளையத்தில் தெரிந்தவர் கடையில் அவளை உட்கார வைத்துவிட்டு, அத்தாவும் நானும் தம்பியும் ஏறினோம். தம்பியை அத்தா தோளில் வைத்துக்கொண்டார். ஆடிக் காற்றில் என் பாவாடை காலைச் சுற்றிக்கொண்டு விழவிழப் பார்த்தது. மூங்கில்கள் ஒன்றோடொன்று உரசி முனகின. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தம்பி அவளைப் பார்த்ததும் எப்படிக் கத்துவான், எப்படி ஓடுவான் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.

அவள் சாமைக்காட்டில் களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் கையிலிருந்த களையோடு அப்படியே ஓடிவந்தாள். அத்தா தம்பியை இறக்கிவிட்டார். அவள் பத்தடி தூரத்திலேயே மண்டியிட்டுக் கையை விரித்தாள். அதே புகை வாடை. கழுத்தில் அதே நீல மணி.

"சாமி" என்றாள்.

தம்பி அவளைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்க்கவில்லை. ஒரு மரத்தைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு கீழே கிடந்த ஒரு கல்லை எடுத்தான். அதை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான்.

"சாமி, என்ன மறந்துட்டியா? இங்க பாரு, சாமி." அவள் தவழ்ந்து கிட்டே வந்தாள். அவன் என் பக்கம் நகர்ந்து என் பாவாடையைப் பிடித்துக்கொண்டான். முகத்தில் ஒன்றுமே இல்லை. ஆனால் அவன் பிடித்திருந்த பிடியில் என் பாவாடை நாடா அறுந்துவிடும் போல இருந்தது. அவன் உடம்பு முழுக்க நடுங்கியது. காய்ச்சல்காரன் மாதிரி, உள்ளுக்குள்ளே. பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. ஒட்டி நின்ற எனக்குத்தான் தெரிந்தது.

"மறந்துட்டான்" என்றார் அத்தா. அவர் குரலில் நிம்மதி இருந்தது. "கொழந்ததான, அதுக்கு இன்னா தெரியும்."

அவள் எங்களுக்குச் சாமைச் சோறும் தேனும் கொண்டுவந்து வைத்தாள். தம்பிக்கு ஊட்ட வந்தாள். அவன் வாயைத் திறக்கவில்லை. கூப்பிட்டுப் போகத்தான் வந்தோம் என்பதை அத்தா அவளிடம் சொல்லவே இல்லை. சும்மா இந்தப் பக்கம் வந்தோம் என்றார். நாங்கள் இறங்கும்போது அவள் காட்டு வரப்பிலேயே நின்றாள். தம்பி அத்தாவின் தோளில் பின்பக்கம் முகம் இருக்கும்படிதான் சாய்ந்திருந்தான். கண்ணை மூடிக்கொண்டிருந்தான். தூங்கவில்லை.

கீழே அம்மா கடை வாசலில் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். நாங்கள் மூன்று பேர் மட்டும் வருவதைப் பார்த்து, "இன்னா ஆச்சிங்க?" என்றாள்.

"அவன் அவள சுத்தமா மறந்துட்டான். கிட்டகூட போவல. இனிமே எதுக்கு அவ?" என்றார் அத்தா.

அப்போது அம்மாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது பாருங்கள். வந்ததிலிருந்து நான் பார்க்காத முகம். "நெஜமாவா?" என்று என்னைக் கேட்டாள். எனக்குத் தெரியும், இல்லைம்மா, அவன் நடுங்கினான் என்று சொல்ல வேண்டும். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் சொல்ல முடியவில்லை. "ஆமாம்மா, மறந்துட்டான்" என்றேன். எட்டு வயது எனக்கு. அம்மா தம்பியை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அவன் கைகள் இரண்டும் தொங்கின.

அவன் வளர்ந்த விதம் உங்களில் சிலருக்குத் தெரியும். தங்கமான பிள்ளை என்று தெருவே சொல்லும். சண்டை போட மாட்டான், அடம்பிடிக்க மாட்டான், ஒன்று வேண்டும் என்று கேட்க மாட்டான். அம்மாவை அம்மா என்றோ வேறு எந்தப் பேர் சொல்லியோ கூப்பிட மாட்டான். பக்கத்தில் போய் நின்று, அவள் திரும்புகிற வரைக்கும் காத்திருந்து பேசுவான். ஒன்பது வயதில் பள்ளிக்கூடச் சுவரிலிருந்து விழுந்து கை ஒடிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து பையை வைத்துவிட்டு மூலையில் உட்கார்ந்துகொண்டான். மூன்று மணி நேரம் கழித்து, சாப்பிட வலது கையை நீட்டவில்லையே என்று பார்த்தபோதுதான் அம்மாவுக்குத் தெரிந்தது. கட்டுப்போட்டுவிட்டு வந்த பிறகு அம்மா சமையற்கட்டில் சுவரில் சாய்ந்து அழுதாள். "கை ஒடிஞ்ச புள்ள அம்மான்னு கத்தாம வருமாடி?" என்று என்னிடம் கேட்டாள்.

பெரியவனானான், சேலத்தில் வேலை, கல்யாணம், ஒரு பெண் குழந்தை. மாதம் தவறாமல் அம்மாவைப் பார்க்க வருவான். பழம் வாங்கி வருவான், மருந்து வாங்கி வைப்பான். அவன் பெண்டாட்டி ஒருதடவை என்னிடம் சொன்னாள்: "ஒரு கொறையும் சொல்ல முடியாதுக்கா. ஆனா பதினாறு வருசம் ஆச்சி. நான் செத்தா இவுரு அழுவாரான்னு எனக்குத் தெரியல." நான் பேச்சை மாற்றினேன்.

அம்மா படுத்த படுக்கையான பிறகு, ஒரு சாயங்காலம் நான் முதுகு துடைத்துவிடும்போது திடீரென்று கேட்டாள். "அன்னிக்கி மலைல... நீ கூட போனியே. நெஜமாவே அவன் அவள மறந்துட்டானா?"

போகிற காலத்தில் எதற்கு என்று நினைத்தேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். "ஆமாம்மா. சுத்தமா மறந்துட்டான்" என்றேன்.

அம்மா சேலையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். "அப்ப எம்மேலதான் ஏதோ கொற" என்றாள். "அவள நெனச்சிக்கினுதான் எங்கிட்ட வரலன்னு இருந்தேன். மறந்தும் வரலன்னா எனக்குத்தான் தாயா இருக்கத் தெரியல."

"இல்லம்மா" என்றேன். ஒரு பொய்யை நாற்பது வருஷம் கழித்து, அந்த உடம்பில், எப்படிப் பிரித்துக் காட்டுவது? நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். நாளைக்கு, நாளைக்கு என்று ஒன்பது நாள் போனது. பத்தாம் நாள் அவள் மௌத்தாகிவிட்டாள்.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்து எல்லோரும் போன பிறகு நானும் தம்பியும் மட்டும் இருந்தோம். அவனுக்கு எதுவுமே தெரியாது. வீட்டில் யாரும் அவனிடம் சொன்னதில்லை. நான் டீ போட்டுக் கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். மலைக்காரம்மா வந்தது, தராசு, சாமைக்காடு, அவன் நடுங்கியது, நான் சொன்ன பொய், அம்மா கடைசியில் சொன்ன வார்த்தை. அவன் கணக்கு வாத்தியார் பாடம் நடத்துவதைக் கேட்கிற பையன் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தான்.

"எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லக்கா" என்றான்.

"ஞாபகம் இருக்காதுடா."

"நான் ஏன் அவங்ககிட்ட போவல?"

"தெரியல."

"அவங்க இருக்காங்களா?"

"இல்லடா. செத்துப் பல வருசம் ஆச்சின்னு அத்தா இருக்கும்போதே சேதி வந்துச்சி."

தலையை ஆட்டினான். எனக்குத் தாங்கவில்லை. அவன் கையின் மேல் என் கையை வைத்தேன். நாங்கள் தொட்டுப் பேசுகிற அக்கா தம்பி இல்லை. இத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவையோ என்னவோ. அவன் கை சில்லென்று இருந்தது. அசைக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தான். எனக்கு வருத்தம் வந்துவிடக் கூடாதே என்று வைத்திருந்தான் என்று தெரிந்தது. பிறகு மெதுவாகக் கையை உருவி, டீ டம்ளரை எடுத்து வாயில் வைத்தான்.

டம்ளரில் ஒன்றும் இல்லை. எப்போதோ குடித்து முடித்திருந்தான்.